எஃப்12 அழுத்தினால் முகம் வரும்

கல்யாணமாகிப் புணேவுக்கு வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு ஒரு வேலை கிடைத்தது. மற்றவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் வேலை. சதாசிவ் பேட்டையில் ஒரு பழைய வாடா, அதாவது நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும் பல குடும்பங்கள் இருக்கும் மரத்தூண் வீடு. அதன் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த வரன் தகவல் மையம். நடத்தியவர் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். பேட்டை முழுக்க அவரை ‘காகூ’ என்றுதான் கூப்பிட்டது. நம் முறையில் சித்தி. நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நேர்முகத்தில் காகூ என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. “மராத்தி தெரியுமா?”

என் கணவர் பஸ்ஸில் வரும்போது சொல்லிக்கொடுத்திருந்த ஒற்றை வாக்கியத்தை ஒப்பித்தேன். “மீ ஷிக்தேய்.” கற்றுக்கொண்டிருக்கிறேன்.

“உச்சரிப்பு மோசம். வாக்கியம் சரி. நாளைக்கு வா” என்றார்.

என் கையில் இருந்தது கணக்கில் ஒரு பி.எஸ்ஸி.யும் பாளையங்கோட்டையில் முடித்த ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமாவும்தான். என் கணவர் புணேயை ஒட்டிய கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவர், அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. வேலூர்ப் பக்கத்துத் தமிழில் ஹிந்தியும் மராத்தியும் தாராளமாகக் கலந்து பேசுவார். நான் திருநெல்வேலி. முதல் மாதம் எங்களுக்குள்ளேயே பாதி பேச்சு சைகையில்தான் நடந்தது.

மையத்தில் அப்போது வரன்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டது. வயது, உயரம், படிப்பு, சம்பளம், ஜாதகக் குறிப்பு எல்லாம் திரையில் வரிவரியாக வரும். முகம் மட்டும் ஆல்பத்தில் இருந்தது. கறுப்பு அட்டையில் மூலைகள் செருகிய கனத்த ஆல்பங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்து அவற்றைப் புரட்டுவார்கள். பெண்கள் வந்தாலும் பின்னால் பெஞ்சில் இருப்பார்கள். யாராவது ஒருவர் போட்டோவை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். ஒருமுறை ஒரு பெண்ணின் படம் அப்படிக் காணாமல் போய், அவளுடைய அப்பா வாசலில் நின்று கத்திய கத்தலில் மாடிவீட்டுக்காரர்கள் எல்லாம் இறங்கி வந்துவிட்டார்கள்.

மறுநாளே காகூ ஒரு கை ஸ்கேனர் வாங்கிவிட்டார். இஸ்திரிப்பெட்டி மாதிரி பிடித்துப் போட்டோவின் மேல் மெல்ல இழுக்க வேண்டும். கை நடுங்கினால் மூக்கு வளைந்துவிடும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பேன். வரனுக்கு என்ன எண்ணோ அதே எண்ணில் படத்தைச் சேமித்துவிட்டு, போட்டோவை அந்தக் குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம். எல்லாருக்கும் நிம்மதி.

எனக்குத்தான் தலைவலி. அது விண்டோஸ் வருவதற்கு முன், டாஸ் என்ற அடிப்படை மென்பொருள் கம்ப்யூட்டரை நடத்திய காலம். ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஓடும். விவரம் காட்டும் புரோகிராமிலிருந்து வெளியே வந்து, படம் காட்டும் புரோகிராமை ஓட்டி, எண்ணை அடித்து, முகத்தைக் காட்டிவிட்டு, அதையும் மூடிவிட்டு, மறுபடி விவரத்துக்குள் போய், அந்த வரனைத் தேடிப் பிடிக்க வேண்டும். முகம் வருவதற்குள் சம்பளம் மறந்துபோகும். சம்பளம் வருவதற்குள் முகம் மறந்துபோகும். ஒரு பெரியவர், “இன்னொரு தரம் முகம்... இன்னொரு தரம் படிப்பு...” என்று என்னை ஏழெட்டுத் தடவை அலையவிட்டு, கடைசியில் “ஆல்பமே தேவலை” என்று எழுந்து போனார்.

அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தபோதுதான் அது பளிச்சென்று ஞாபகம் வந்தது. டிப்ளமா படித்த இடத்தில் ஒரு மெஷினில் கடிதம் அடித்துக்கொண்டே இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால், எழுத்துக்களுக்கு மேலேயே ஒரு குட்டிக் கால்குலேட்டர் வந்து நிற்கும். கணக்குப் போட்டுவிட்டு அனுப்பினால் போய்விடும். கடிதம் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும். டி.எஸ்.ஆர். என்பார்கள். ஒருமுறை ஓட்டிவிட்டால் போதும், அது நினைவகத்தின் ஓரத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். தன் விசை அழுத்தப்பட்டதும் வெளியே வரும்.

கால்குலேட்டர் வரலாம் என்றால் முகம் ஏன் வரக்கூடாது?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னேன். “ஏங்க, ஒரு பொத்தானை அமுக்குனா மாப்பிள்ள மூஞ்சி வந்து நிக்கணும். இன்னொரு தடவ அமுக்குனா போயிரணும். அப்படி ஒண்ணு எழுதப் போறேன்.”

“அரே வா! எழுது. நான் என்ன பண்ணணும்?”

“ஒரு புஸ்தகம் வேணும்.”

அந்த வியாழக்கிழமையே ‘அப்பா பல்வந்த் சௌக்’ என்ற, புத்தகக் கடைகள் நிறைந்த நாற்சந்திக்குப் போனோம். வியாழன்தான் மையத்துக்கு விடுமுறை, ஏனென்றால் பேட்டைகளில் அன்று கரண்ட் இருக்காது. நடைபாதைக் கடையொன்றில் அட்டை கிழிந்த, டாஸின் உள்விவகாரங்களைச் சொல்லும் தடிப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அவர் மராத்தியில் பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு அவரிடம், “அம்மா படிச்சு முடிக்கிறதுக்குள்ள எடுத்துட்டுப் போங்க” என்றார்.

எழுத எனக்குக் கிடைத்த நேரம் மத்தியானம். ஒன்றிலிருந்து நாலு வரை அந்தப் பேட்டைகளில் எந்தக் கடையிலும் எவரும் எதையும் விற்கமாட்டார்கள். காகூவும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளறையில் தூங்கப் போய்விடுவார். மையமே என்னுடையது. முற்றத்துக் குழாய் சொட்டும் சத்தமும் என் விசைப்பலகைச் சத்தமும் மட்டும்தான்.

முதல் சிக்கல், எந்த முகத்தைக் காட்ட வேண்டும் என்று என் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? விவரம் காட்டும் புரோகிராம் யாரோ எழுதியது, அதற்குள் நான் கைவைக்க முடியாது. இரண்டு நாள் முட்டிக்கொண்டேன். சோற்று டப்பாவைத் திறந்தபடி திரையையே வெறித்துக்கொண்டிருந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வரன் எண்தான் திரையின் மேல் மூலையில் எழுதியிருக்கிறதே! திரையில் தெரிகிற ஒவ்வோர் எழுத்தும் நினைவகத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று அந்தப் புத்தகம் சொல்லியிருந்தது. நாம் கண்ணால் பார்த்துப் படிக்கிற எண்ணை என் புரோகிராம் அங்கிருந்து எடுத்துப் படித்துக்கொள்ளலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். தயிர்சாதத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு எழுதினேன்.

அடுத்தது இடம். என் புரோகிராம் முழுப் படத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளும் அளவுக்கு நினைவகத்தைப் பிடித்துக்கொண்டதும், விவரம் காட்டும் புரோகிராம் இடம் போதவில்லை என்று ஓடவே மறுத்தது. சரி, படத்தை எதற்கு வைத்துக்கொள்ள வேண்டும்? கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, படித்த கையோடு திரையில் போட்டுவிட்டால் ஆயிற்று. நெற்றி, பிறகு கண், பிறகு மூக்கு என்று முகம் மேலிருந்து இறங்கி வரும். வரட்டுமே! அப்படி மாற்றி எழுதியதும் என் புரோகிராம் மெலிந்து ஒரு ஓரத்தில் அடங்கிவிட்டது.

சோதித்துப் பார்க்க ஒரு படம் வேண்டும். வரன்களின் படத்தை வைத்து விளையாட மனமில்லை. எங்கள் கல்யாணப் போட்டோவில் கணவர் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து, இல்லாத ஒரு வரனை விவரத்தில் சேர்த்து, அந்த எண்ணைக் கொடுத்து வைத்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எஃப்12 விசையை அழுத்தினேன்.

எழுத்துக்கள் மறைந்தன. திரை ஒரு கணம் கறுத்தது. பிறகு மேலே ஒரு வரி, அதன் கீழே ஒரு வரி. முடி, நெற்றி, சந்தனப்பொட்டு, கண்... என் வீட்டுக்காரர் முழுசாகத் திரையில் வந்து நின்றார். மறுபடி அழுத்தினேன். வரன் விவரம் விட்ட இடத்தில், கர்சர் கண்சிமிட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. மறுபடி அழுத்தினேன். வந்தார்!

“வந்துட்டாருல்லா!” என்று நான் போட்ட கூச்சலில் முற்றத்துப் புறாக்கள் படபடவென்று கிளம்பின. உள்ளறைக் கதவு திறந்தது. தூக்கத்திலிருந்து காகூவை எழுப்பியவர்கள் யாரும் அதுவரை அந்த வாடாவில் கிடையாது. கொண்டை அவிழ்ந்திருக்க, கண்ணாடி இல்லாமல் வந்தார்.

“காய் ஜாலா? என்ன ஆச்சு, திருடனா?”

திரையைக் காட்டினேன். காகூ கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

“யார் இது?”

“என் வீட்டுக்காரர், காகூ.”

“ஏன் பச்சையாக இருக்கிறார்?”

அப்போதுதான் நானே கவனித்தேன். கன்னம் பச்சை. நெற்றி நீலம். சந்தனப்பொட்டு நல்ல கத்தரிப்பூ நிறம். கறுப்பு வெள்ளைக்கு உண்டான சாயல்களைத் திரைக்குச் சொல்லிக்கொடுக்க நான் மறந்துவிட்டிருந்தேன். ஆனால் காகூ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தானே எஃப்12-ஐ அழுத்தினார். முகம். விவரம். முகம். விவரம்.

“அக பாயி!” என்றார் மெதுவாக, ‘அடி அம்மாடி’ என்கிற மாதிரி. பிறகு என் தோளில் ஓங்கி ஒரு தட்டு. “நிறத்தைச் சரிபண்ணு. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் காட்டுகிறோம்.” அன்று அவர் தூங்கப் போகவே இல்லை. எனக்குச் சாய் போட்டுக்கொண்டு வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம். மேசையில் திரையை வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தோம். முதலில் வந்தவர் தபால் துறையில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர், கூடவே மகள். அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்பாவுக்குத் திரையின் எழுத்து பிடிபடவில்லை. கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார்.

“நீயே உட்கார்ந்து பாரம்மா. எனக்குப் படித்துச் சொல்லு” என்றார் மகளிடம்.

அந்த மையத்தில் ஒரு பெண் தானே உட்கார்ந்து வரன் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று காகூ பிற்பாடு சொன்னார். அந்த நேரத்தில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க விசைகளோடு பழகிய விரல்கள். ஒரே நிமிடத்தில் கற்றுக்கொண்டுவிட்டாள். அடுத்த வரன், எஃப்12, முகம், எஃப்12, அடுத்த வரன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. ‘கலகலப்பான சுபாவம்’ என்று விவரத்தில் எழுதியிருந்த ஒருவர் படத்தில் பல்வலிக்காரர் மாதிரி இருந்தார். எல்லாரும் சிரித்தார்கள், அவளுடைய அப்பாவும்தான்.

அடுத்த வரன் ஒரு பொறியாளர். அவள் அழுத்தினாள். நெற்றி வந்தது. புருவம் வந்தது. கண்கள் வந்தன. நல்ல கண்கள், போட்டோ எடுத்தவரைப் பார்த்து ஏதோ கேட்க வருகிற மாதிரி. அவளுக்குப் பொறுக்கவில்லை. படம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மறுபடி எஃப்12-ஐ அழுத்திவிட்டாள்.

படம் மூக்கோடு நின்றது. நின்றது நின்றதுதான். எந்த விசைக்கும் அசையவில்லை. மேலே அந்தக் கண்கள், கீழே இருட்டு.

மெஷினை அணைத்து மறுபடி போட்டோம். அடுத்து உட்கார்ந்தவரிடமும் அதே கதை. காகூ என்னைத் திட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து, “இன்றைக்கு வேண்டாம். முகத்தை விட்டுவிட்டு விவரத்தை மட்டும் காட்டு” என்றார். அந்த ஆபரேட்டர் பெண் மட்டும் என்னிடம் வந்து, “மிச்சம் எப்போ தெரியும்?” என்று கேட்டாள்.

“அடுத்த ஞாயிறு” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

வீட்டில் அந்தத் தடிப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். முதல் தடவை புரியாமல் தாண்டிப் போன பகுதியில்தான் விடை இருந்தது. டாஸ் ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது அதனிடம் இன்னொரு வேலையைக் கொடுத்தால் அதற்கு எங்கே விட்டோம் என்பதே மறந்துபோகும். தான் வேலையில் இருப்பதை அது நினைவகத்தில் ஒரு மூலையில் குறித்து வைத்திருக்கும். விசை அழுத்தப்பட்டதும் என் புரோகிராம் உடனே குதித்துவிடக் கூடாது. அழுத்தினார்கள் என்று மட்டும் மனதில் வைத்துக்கொண்டு, கடிகாரத் துடிப்பு ஒவ்வொன்றிலும் அந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டும். டாஸ் சும்மா இருக்கிறதா? அப்போது போ. ஒரு படம் வந்துகொண்டிருக்கும்போது இன்னொரு அழுத்தல் வந்தால் காதிலேயே வாங்காதே.

படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. கணவரை உலுக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

“டென்ஷன் எடுக்காத. சாந்தியா எழுது. உன் டாஸ், எங்க ஃபோர்மேன் மாதிரிதான். கையில வேலை இருக்கறப்ப போய் நின்னா ஒண்ணும் நடக்காது. பீடி பத்தவெச்சப்புறம் போகணும்” என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். காகூ அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஓ, பச்சை மாப்பிள்ளை! நேரில் சரியாகத்தான் இருக்கிறீர்கள்” என்று அவர்கள் வழக்கப்படி வெல்லமும் தண்ணீரும் கொடுத்தார்.

“நான் என்ன செய்யணும் சொல்லு” என்றார் இவர்.

“மெஷினக் கெடுக்கணும். எப்படி வேணும்னாலும் அமுக்குங்க.”

“தபலா வாசிக்கட்டுமா?”

வாசித்தார். இரண்டு கையாலும், முழங்கையாலும், கண்ணை மூடிக்கொண்டும் வாசித்தார். டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரியும் நேரமாகப் பார்த்து அடித்தார். முகங்கள் ஒவ்வொன்றாக, முழுசாக, நிதானமாக இறங்கி வந்துகொண்டே இருந்தன. மெஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்று குதித்துக்கொண்டிருந்தேன். “பஸ் கரோ, போதும், கை வலிக்குதும்மா” என்று அவர்தான் கடைசியில் தோற்றார்.

மறுநாள் மையம் திறப்பதற்கு முன்பே அந்தப் பெண் வாசலில் இருந்தாள். இந்தத் தடவை அப்பாவோடு எக்ஸ்சேஞ்சுத் தோழிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். நேராகப் போய் உட்கார்ந்து அந்த எண்ணைத் தேடி எடுத்தாள். எண் ஞாபகம் இருந்ததா என்று நான் கேட்டதற்கு, “நம்பர் ஞாபகம் வைக்கிறதுதானே என் வேலை” என்றாள்.

எஃப்12. நெற்றி, புருவம், அந்தக் கண்கள், மூக்கு. படம் நிற்காமல் கீழே இறங்கியது.

“மீசை!” என்று கத்தினாள் ஒரு தோழி.

சாதாரண மீசை இல்லை. இரண்டு பக்கமும் தொங்கி வாயையே மூடிய மீசை. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு வாரமாக மனதில் வரைந்து வைத்திருந்தது என்னவோ, அது இதுவாக இல்லை. அப்பா குழப்பத்தோடு, “வேண்டாமா?” என்று கேட்டார். அவள் விவரத்துக்குப் போனாள். படித்தாள். மறுபடி முகம். மறுபடி விவரம். அலுக்காமல் அப்படி எத்தனையோ தடவை. வரிசையில் இருந்தவர்கள்கூட அவசரப்படவில்லை. எல்லோரும் அவளோடு சேர்ந்து யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் காகூவிடம் திரும்பி, “இவரைப் பார்த்துப் பேசலாமா? நானே பேசணும்” என்றாள்.

“பேசு. இங்கேயே வந்து பேசு” என்றார் காகூ.

பேசினார்கள். எங்கள் முற்றத்தில், இரண்டு நாற்காலியில். அவ்வளவு பெரிய மீசை இருந்தும் அவர் குரல் மட்டும் மிக மெல்லியதாக இருந்தது. சில மாதம் கழித்துக் கல்யாணம் நடந்தது. என்னையும் கணவரையும் கூப்பிட்டிருந்தார்கள். புரண்போளி சாப்பிட்டுவிட்டு வந்தோம். மேடையில் அவள் என்னைக் காட்டி மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்ல, அவர் எழுந்து நின்று கைகூப்பினார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் அப்பாக்களும் நாற்காலியில் பெண்களும் என்று இடம் மாறிவிட்டது. கோலாப்பூரிலிருந்து ஒரு மையத்துக்காரர் பஸ் பிடித்து வந்து, ஒரு ஃபிளாப்பியில் என் புரோகிராமை வாங்கிக்கொண்டு போனார். நான் பார்த்தேயிராத ஊரில், பார்த்தேயிராத மெஷினில் நான் எழுதியது ஓரமாக உட்கார்ந்து யாரோ அழுத்துவதற்குக் காத்திருக்கிறது என்ற நினைப்பே பல நாள் என்னைத் தரையில் நடக்கவிடவில்லை.

சில வருஷத்தில் விண்டோஸ் வந்தது. எழுத்தும் படமும் பக்கத்துப் பக்கத்தில் தானாகவே நின்றன. காகூ கலர் ஸ்கேனர் வாங்கினார். என் புரோகிராமை மெஷினிலிருந்து நானேதான் அழித்தேன். வருத்தமெல்லாம் இல்லை, புதியதில் என்னவெல்லாம் செய்யலாம் என்று அதற்குள் கை பரபரக்க ஆரம்பித்திருந்தது.

புணேக்கு வெளியே ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் காகூதான் என்னைப் பிடித்துத் தள்ளினார். “இங்கே இருந்தால் எல்லோருக்கும் கல்யாணம் பண்ணிவைப்பாய். அங்கே போ” என்றார். நேர்முகத்துக்குப் போனேன். எதிரில் இருந்தவருக்கு என்னைவிட வயது குறைவு. கல்யாண மையத்தில் வேலை என்றதும் என் விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கப் போனார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, “சொந்தமாக ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?” என்று கேட்டார்.

அவருடைய பேனாவையே வாங்கி, மேசையில் கிடந்த தாளில் வரைந்து காட்ட ஆரம்பித்தேன். திரையிலிருந்து எண்ணை எடுத்தது, முகத்தை வரிவரியாக இறக்கியது, டாஸ் ஓயும்வரை காத்திருந்தது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுவில் ஒருமுறை எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரையும் கூட்டிவந்து, “முதலிலிருந்து சொல்லுங்கள்” என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.